ஏலாதக்கா

மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகிற வழியில், ஏ-ஒன்பது பாதையோரமாக இருந்த அந்த ஸ்பைஸ் கார்டனில் நாங்கள் பதினொரு பேர் வேலை செய்தோம். பத்துப் பேர் "சரி முதலாளி" என்று சொல்கிறவர்கள். நானும் அதில் ஒருத்தி. பதினோராவது ஆளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஏலாதக்கா. எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "ஏலாது"தான், அதாவது முடியாது.

புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு, ஏதோ உடம்புக்கு ஏலாதவர் போல என்று நினைப்பார்கள். பிறகு ஆளைப் பார்ப்பார்கள். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, கையில் கத்தி, இருபதடி மரத்தில் சாய்த்த ஏணியின் உச்சியில் நின்று மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாத்தளை டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் எண்ணெய்க் கவுண்டரில் நிற்பேன். மூட்டுவலி எண்ணெய், சந்தன எண்ணெய், தலைவலித் தைலம் எல்லாம் நான்தான் விற்பேன். முடி வளர்கிற எண்ணெயை மட்டும் முதலாளி வேறொருத்தியிடம் கொடுத்திருந்தார். ஸ்கார்ஃப் போட்டவள் முடி எண்ணெய் விற்றால் வெள்ளைக்காரன் எப்படி நம்புவான் என்பது அவருடைய கணக்கு. எனக்கு அது அவமானமாக இருந்தது. ஆனாலும் சரி முதலாளி என்றுதான் சொன்னேன்.

ஏலாதக்காவிடம் அந்த மாதிரி ஒன்றைச் சொல்லிப் பார்த்தார் ஒருநாள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்க, பெண்கள் நாலு பேர் கொழுந்து எடுக்கிறவர்களைப் போலக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். எங்கள் கார்டனில் ஒரு தேயிலைச் செடி கிடையாது. அதனால் என்ன, வாசலில் இருந்த குரோட்டன் செடிகளைக் கிள்ளுகிற மாதிரி நின்றால் போதும் என்றார். மூன்று பேர் கூடையை மாட்டிக்கொண்டார்கள். அக்கா கூடையைக் கையில் வாங்கி, பின்னலை ஒருதரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஏலாது முதலாளி. பன்னெண்டு வருசம் நெசமாவே கொழுந்து எடுத்தவ நான். வேசத்துக்கு எடுக்க ஏலாது."

"சும்மா நிக்கிறதுதானே?"

"நின்ன காலு இன்னும் வலிக்குது. சும்மா நிக்கச் சொல்லாதீங்க."

போய் ஏணியில் ஏறிவிட்டார்.

அவரோடு பழகுவது லேசான காரியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருதடவை உம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று நான் ஸ்டோருக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். அக்கா அந்தப் பக்கம் வந்தார். "அக்கா, ஒரு தேத்தண்ணி ஊத்தித் தர ஏலுமா?" என்று கேட்டேன். "ஏலாது. கை கால் இருக்கில்ல, போய் ஊத்திக் குடி" என்றார். நான் போய் ஊத்தினேன். திரும்பி வந்தபோது என் கவுண்டருக்கு முன்னால் கிடந்த குப்பையைக் கூட்டிவிட்டு, வந்திருந்த இரண்டு பேரிடம் கையால் ஜாடை காட்டித் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

பச்சோந்தி வந்தது ஒரு கடும் வெயில் காலத்தில். லக்கல பக்கம் சேனைப் பயிருக்குக் காடு வெட்டி எரிக்கிற ஒருவன் அதை உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து முதலாளியிடம் கொடுத்தான். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் மீன் செத்துப்போய்ச் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து, உள்ளே பிளாஸ்டிக் இலைகள் போட்டு, மேலே கண்ணாடி மூடி வைத்து, என் கவுண்டருக்குப் பக்கத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தார். கேமரா படம் போட்ட ஒரு பலகையும் தொங்கியது. வருகிறவர்கள் அதைத் தோளில் வைத்துப் படம் எடுக்கலாம். சிவப்புத் துணி, பச்சைத் துணி, மஞ்சள் துணி எல்லாம் பக்கத்தில் மடித்து வைத்திருந்தோம். துணிக்குத் துணி நிறம் மாறும் என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். அது எந்தத் துணிக்கும் மாறவில்லை. கறுத்த புள்ளிகளோடு அழுக்குப் பச்சையாகவே இருந்தது. தூக்கினால் தூக்கின இடத்தில் இருக்கும். குழந்தையின் தலையில் வைத்தால்கூட அசையாது. "எவ்வளவு சாதுவான உயிர்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

நாலாம் நாள் காலையில் அக்கா கடைக்குள் கூட்ட வந்தார். தொட்டிக்கு முன்னால் விளக்குமாறு நின்றுவிட்டது.

"எத்தன நாளா தண்ணி குடிக்கல?"

"கிண்ணத்துல வச்சிருக்கேனே அக்கா. காலையிலயும் மாத்தினேன்."

"கிண்ணத்துல குடிக்க இது கோழியா? இலையில சொட்டுறதத்தான் குடிக்கும். கண்ணப் பாரு, உள்ள போயிருச்சு."

குனிந்து பார்த்தேன். கூம்பு மாதிரி வெளியே நிற்க வேண்டிய கண் குழிக்குள் இறங்கியிருந்தது. நாலு நாளாக ஒரு முழத் தூரத்தில் நின்றிருக்கிறேன், நான் கவனிக்கவில்லை.

"கண்ணாடியில இன்னொண்ணு நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு நாள் பூரா சண்டைக்கு நிக்குது. நிம்மதியா எப்பிடிச் சாப்பிடும்?"

கண்ணாடியோடு ஒட்டி, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு அது நிற்பதை நானும் பார்த்திருந்தேன். படம் எடுக்க வாகாகக் காட்டுகிறது என்று நினைத்திருந்தேன்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "லக்கலயில நாலு வருசம் சேனைக்குள்ள யானை வராம காவல் இருந்தேன், மரத்து மேல குடில் போட்டு. பக்கத்துக் கொப்புல இதுங்கதான் இருக்கும். வேற பாக்க என்ன இருக்கு?" என்றார். அந்த நாலு வருஷத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். புருஷன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், இவர்தான் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்பதை வேறு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அன்று பத்து மணிக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். முதலாளி உள்ளே வந்து, "அதத் தூக்கிட்டு வா" என்று எனக்குக் கை காட்டினார். நான் மூடியில் கை வைத்துவிட்டேன். அக்கா எனக்கும் தொட்டிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ஏலாது முதலாளி."

"என்ன ஏலாது?"

"இதத் தூக்க ஏலாது. இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும். செத்ததுக்கப்புறம் யாரு தோள்ல வேணும்னாலும் போடுங்க."

"உன்ன மெளகுக்குத்தான் வச்சிருக்கேன். மிருக வைத்தியத்துக்கு இல்ல."

"மெளகையும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலாளி சிரித்தபடியே பேசினார். "நீ வீட்டுக்குப் போ."

"போறேன். இது தண்ணி குடிக்கட்டும். குடிச்ச அன்னைக்கே போறேன்."

முதலாளிக்கு உடனே அவரை அனுப்ப முடியாது. மிளகு பழுக்கிற நேரம் அது, அந்த ஏணியில் ஏற வேறு ஆள் இல்லை. கடைசியில், "பத்து நாள் தாரேன். ஆளுங்களுக்குக் காட்டுற மாதிரி ஆக்கிக் குடு" என்றார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. தொட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் பின்பக்கம் போனார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு கூண்டு எழும்பிவிட்டது. பட்டை உரித்துப் போட்டிருந்த கறுவாக் கம்புகள்தான் சட்டம். என் நெஞ்சு உயரம் இருந்தது. தொட்டி இதைவிட நீளம் என்றேன். "மேல ஏறுற சீவனுக்கு நீளம் எதுக்கு? ஒசரந்தான் வேணும்" என்றார். நாலு பக்கமும், மேலேயும், கராம்பு சலிக்கிற பழைய கம்பி வலையை அடித்தார். வெட்டின கம்பி முனைகளை வெளிப்பக்கம் மடக்கி, சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றினார். பிறகு உள்ளே கையை விட்டு, உள்ளங்கையால் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் குத்தியது. அதைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். கொய்யாக் கொப்பும் கோப்பிக் கொப்பும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார். அது பிடித்தால் கைக்குள் அடங்குகிற பருமனில் பார்த்துப் பார்த்து வெட்டின கொப்புகள். சட்டியோடு ஒரு செவ்வரத்தைச் செடி நடுவில் போனது.

கூண்டை வைக்கத்தான் அதிக நேரம் எடுத்தார். காலை வெயில் நேராக விழ வேண்டும், மதியம் சாதிக்காய் மரத்து நிழல் வர வேண்டும். அதற்கும் மேலாக, கூண்டில் பாதிக்குத் தென்னோலை போட்டு மறைத்தார். "வெயில் வேணும்னா அங்கிட்டுப் போகட்டும். வேணாம்னா இங்கிட்டு வரட்டும். அதை அது முடிவு பண்ணட்டும்."

தண்ணீருக்கு ஒரு யோகட் கப். அடியில் ஊசியால் ஓட்டை போட்டு வலை மேல் வைத்தார். செவ்வரத்தை இலையில் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. நாங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அது கொப்பைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கண் திறந்து, தனியாகத் திரும்பி, இலையைப் பார்த்தது. ஒரு காலை எடுத்து முன்னால் வைக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. இலைக்கு வாயைக் கொடுத்தது. தாடை மெதுவாக அசைந்தது. கப்பை நாங்கள் மூன்று தடவை நிரப்பினோம், அது குடித்துக்கொண்டே இருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "கவுண்டர்ல ஆள் நிக்குது, போ" என்றார்.

குடித்த அன்றைக்கே போகிறேன் என்று சொன்னவர் போகவில்லை. முதலாளி வந்து, "குடிச்சிருச்சே?" என்றார். "இன்னும் சாப்பிடல." மூன்றாம் நாள் நாக்கை வீசி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்றது. "தின்னுருச்சே?" "காலு இன்னும் பலமில்ல."

நான் போனில் தேடிப் பார்த்தேன். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்றிருந்ததை அவரிடம் சொன்னேன். மறுநாள் முட்டை ஓட்டை மாவாக இடித்துக்கொண்டு வந்தார். ஓட்டை போட்ட பால்மா டின்னுக்குள் வெட்டுக்கிளிகளைப் பிடித்துப் போட்டு, அந்த மாவைத் தூவிக் குலுக்கி, அப்புறம்தான் கூண்டுக்குள் விட்டார். சாயங்காலம் வேலை விடுமுன் தின்னாமல் மிச்சமிருக்கிற பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எடுப்பார். தூங்கும்போது அவை இதைக் கடிக்குமாம். போனிலும் அப்படியே போட்டிருந்தது. சொன்னேன். "போனுக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

தொட மட்டும் விடமாட்டார். "நானே தொடுறதில்ல. நீ என்ன?"

எட்டாவது நாள் காய்ந்த கொப்பு ஒன்றை மாற்றக் கையை விட்டபோது, அது உடம்பைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு, சீறி, வாயைப் பிளந்து அக்காவின் பெருவிரலைக் கவ்விக்கொண்டது. நான் கத்திவிட்டேன். அக்கா கையை இழுக்கவில்லை. "இழுத்தா அதுக்கு வாய் கிழிஞ்சிரும்" என்று அப்படியே நின்றார். அதுவாக விட்டது. விரலில் பொட்டுப் பொட்டாக ரத்தம். அந்த விரலை அவர் பார்த்த மாதிரி யாரும் ஒரு தங்க மோதிரத்தைக்கூடப் பார்த்து நான் கண்டதில்லை.

"இப்பத்தான் இதுக்குச் சொகம்" என்றார்.

பத்தாம் நாள் முதலாளி வந்தார். பச்சை இப்போது புது இலைப் பச்சை. கண் இரண்டும் வெளியே வந்து நாலு பக்கமும் சுழன்றன. "அடடா" என்று கதவைத் திறந்து கையை நீட்டினார். அது சீறிய சீறலில் கையை இழுத்துக்கொண்டார்.

"இது முந்தி இப்படி இல்லையே. சாதுவால்ல இருந்துச்சு?"

"சாது இல்ல முதலாளி. சாகக் கெடந்துச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. நாளைக்கே தொட்டியைக் கழுவி வை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த நாளை வரவில்லை. முன்பு யாரோ தோளில் வைத்து எடுத்த படம் பேஸ்புக்கில் போய், வனஜீவி அலுவலகத்திலிருந்து முதலாளிக்குப் போன் வந்துவிட்டது. காட்டு உயிரைப் பிடித்து வைப்பது இங்கே சட்டப்படி குற்றம். அக்காவைத் தவிர எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். தொட்டி, பலகை, துணிகள் எல்லாம் ஸ்டோருக்குள் போனது. பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"யார் கேட்டாலும் அது அந்தப் பொம்பளையோடது. அவதான் கூண்டு கட்டி வளக்கிறா. சாவி தொலைஞ்சு போச்சு. சரியா?"

"சரி முதலாளி" என்றேன்.

மறுநாள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். பேச்செல்லாம் சிங்களத்தில். மூத்த அதிகாரி கூண்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார், "அம்மே, இதற்கு உங்கள் மேல் கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க மாத்தயா. கூண்டு நான் கட்டினதுதான். அதுக்குக் கேஸ் இருந்தா நான் வாரேன். ஆனா புடிச்சிட்டு வந்தது நான் இல்ல. தோள்ல போட்டுப் படம் காட்டினது நான் இல்ல. கண்ணாடித் தொட்டி ஸ்டோருக்குள்ள இருக்கு, போய்ப் பாருங்க."

"பொய். ஸ்டோருல ஒண்ணும் இல்ல. சாவியும் தொலைஞ்சு போச்சு" என்றார் முதலாளி. என்னைப் பார்த்தார். மற்ற ஒன்பது பேரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. சாவி என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். முதல்நாள் முதலாளி அதைக் கொடுக்கும்போது அக்கா பக்கத்தில்தான் கூட்டிக்கொண்டிருந்தார். இருந்தும் என்னை எதுவும் கேட்கவில்லை, ஒரு பார்வைகூட இல்லை. கூண்டு மேல் இருந்த யோகட் கப்பில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து, நிரப்பப் போய்விட்டார். கேஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இவர் தண்ணீர் ஊற்றுகிறார்.

நான் பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினேன். நீட்டிய கையை நான் திருப்பி எடுக்கவில்லை, அதிகாரி வந்து வாங்கிக்கொள்கிற வரைக்கும்.

எல்லாம் எழுதி முடித்ததும் இளைய அதிகாரி ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். அக்கா கூண்டுக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"ஏலாது மாத்தயா. இந்த வெயில்ல அட்டப் பெட்டிக்குள்ள வெந்து செத்துரும்."

"அரசாங்க வேலையைத் தடுக்கிறீர்களா?"

"தடுக்கல. கூண்டோட கொண்டு போங்கன்னு சொல்றேன். நான் புடிச்சிக்கிறேன்."

கேட்காமலே ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, கூண்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். அதிகாரிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தூக்கிக் கொடுத்தார்கள். முதலாளி என்னிடம், "நாளையிலேருந்து நீ வரத் தேவையில்ல" என்றார். வாக்குமூலம் கொடுக்க எப்படியும் போக வேண்டும் என்பதால் நானும் அதே ஜீப்பில் ஏறினேன்.

அலுவலகத்தில் பாம்பு போடுகிற தகரப் பெட்டிதான் இருந்தது. மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, உடம்பு நன்றாக இருக்கிறது, ஒரு வாரம் கவனித்துவிட்டு விடலாம், இந்தக் கூண்டிலேயே இருக்கட்டும் என்றார். அக்கா அந்த ஒரு வாரமும் தினமும் பஸ்ஸில் போய் வந்தார், மடியில் வெட்டுக்கிளி டின்னோடு. கண்டக்டர் ஒருவன் பூச்சிகளை ஏற்ற முடியாது என்றானாம். "அப்ப பஸ்ஸுல இருக்கிற கரப்பானையும் எறக்கு" என்றாராம்.

பிறகு முதலாளிக்குத் தண்டம் விழுந்தது. அக்கா மேல் கேஸ் போடவில்லை. கார்டன் இன்றைக்கும் இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் புதுசு. நான் டவுனில் ஒரு பாமசியில் மருந்து விற்கச் சேர்ந்தேன். அக்கா கலேவெல பக்கம் நாற்று மேடை ஒன்றில் வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். ஒருதரம் தேடிப் போனபோது அங்கிருந்தும் போய்விட்டார் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, நாற்று மேடைக்காரர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். எனக்கு விளங்கியது.

பச்சோந்தியை விட்ட நாளில் நானும் போயிருந்தேன். லக்கலயில் ஒரு சேனை ஓரமாக ஜீப்பை நிறுத்தி, இங்கே விடலாம் என்றார் அதிகாரி. அக்கா இறங்கிச் சுற்றிப் பார்த்து, இங்கே நெருப்பு வைப்பார்கள், ஏலாது என்றார். இப்போது அதிகாரிக்குப் பழகிவிட்டது. "சரி, நீங்களே காட்டுங்கள்" என்றார். அரை மணி நேரம் நடந்தோம். ஓடைப் பக்கம் அடர்ந்த பற்றைக்காடு ஒன்றில் கூண்டை இறக்கி, கதவைத் திறந்து, உள்ளே ஒரு கொப்பை நீட்டி, அதன் மறுமுனையை மரத்தில் சாய்த்துவிட்டு அக்கா தள்ளி வந்து நின்றார். அது ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, முன்னும் பின்னும் ஆடி ஆடி, கொப்பிலிருந்து மரத்துக்குப் போனது. மேலே ஏறியது. இலைகளுக்குள் போனது.

அதிகாரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போனை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். "ஃபைலுக்கு ஒரு படம் வேண்டும். விட்ட இடத்தில் ஒன்று." மரத்தைச் சுற்றி வந்தார். அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன், எல்லாம் இலையாகத்தான் தெரிந்தது.

"அம்மே, எங்கே இருக்கிறது? உங்களுக்குத் தெரிகிறதா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண் வலப்பக்கக் கிளை ஒன்றில், ஒரே இடத்தில் நின்றிருந்தது. இமைக்கவில்லை. பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பி, மரத்தின் இடப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் தேடுகிற மாதிரி பார்த்தார்.

"எனக்கும் தெரியல மாத்தயா" என்றார்.

வெற்றுக் கூண்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.